குறைமாதக் குழந்தையின் தாய்க்கு 98 நாள் போதுமா?

ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் தங்காது என்று தோட்டத்துப் பாட்டிமார்கள் சொல்வார்கள். இன்றும் சொல்கிறார்கள். மருத்துவக் கணக்கு இதற்கு நேர் எதிரானது. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடுதலாக இருக்கும்போதும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. 28 வாரத்தில் பிறந்த குழந்தையைவிட 32 வாரக் குழந்தைக்கு நுரையீரல் பலம் அதிகம், குடல் பலம் அதிகம், மூளை இரத்தக்குழாய்களும் அவ்வளவு எளிதில் கசிவதில்லை.

பாட்டிமார்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பார்த்த காலம் அப்படி. மலாயா சுதந்திரம் பெற்ற 1957-ஆம் ஆண்டில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 பேருக்கு மேல் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. தோட்டத்தில் ஒரு டிரசர், ஒரு மருத்துவச்சி. குறைமாதத்தில் பிறந்ததைப் பஞ்சில் பொதிந்து, பக்கத்தில் வெந்நீர்ப் புட்டி வைத்துக் காத்திருப்பார்கள். வேறு என்ன செய்ய முடியும்? இன்று அந்த எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. குழந்தை வளர்ப்பு என்றால் தடுப்பூசியும் சத்துணவும் என்று பேசிய காலம் போய், ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தையைக் காப்பாற்றுவது பற்றிப் பேசும் இடத்துக்கு நாடு வந்திருக்கிறது.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையே குறைமாதக் குழந்தை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் மட்டும் அப்படிப் பிறந்தவை ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம். பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 17-ஆம் நாள் இவர்களுக்கான உலக நாளாக அனுசரிக்கப்படுகிறது; கட்டடங்களில் ஊதா விளக்கு எரிகிறது. விளக்கு அணைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இருந்து பார்க்கும்போது எழும் கேள்வி.

இங்கே சிகிச்சைக் கட்டணம் பெரிய தடையல்ல. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை மாநிலத்தின் தலைமை மருத்துவமனை. கோலப்பிலாவில் துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனை இருக்கிறது. போர்ட்டிக்சன், தம்பின், ஜெம்போல், ஜெலுபு ஆகிய இடங்களில் மாவட்ட மருத்துவமனைகள். அரசாங்க மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு ஒரு நாளைக்கு 3 ரிங்கிட்தான். தனியாரிடம் போனால் பச்சிளங்குழந்தைத் தீவிரக் கண்காணிப்பின் கட்டணம் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடும். அந்த வகையில் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளியின் குழந்தைக்கும் அதே சுவாசக் கருவி, அதே மருந்து கிடைக்கிறது என்பது இந்த நாட்டின் பெரிய சாதனை. அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை.

அப்படியானால் தடை எங்கே? அதைக் காண, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் யார் நிற்கிறார், என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தீவிரக் கண்காணிப்புப் பிரிவு என்றால் இயந்திரங்கள்தாம் நினைவுக்கு வரும். உள்ளே குழந்தையைத் தாங்குவது பெரும்பாலும் தாதியரின் கைகள். இந்தக் குழந்தைக்குத் தோல் மெல்லிய தாள் மாதிரி. கொழுப்பு கிடையாது. உடம்புச் சூடு நிமிடங்களில் இறங்கிவிடும். அதனால்தான் மிகச் சிறிய குழந்தையைப் பிறந்த உடனே துடைக்காமல்கூட நெகிழிப் பையில் கழுத்துவரை பொதிகிறார்கள். உடல் வெப்பம் 36.5 பாகைக்கும் 37.5 பாகைக்கும் நடுவில் நிற்க வேண்டும். இன்குபேட்டருக்குள் ஈரப்பதத்தைக் கூட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் தோல் வழியே நீர் ஆவியாகிப் போகும்.

மூச்சும் அப்படித்தான். குறைமாதக் குழந்தையின் மூளை மூச்சுவிடச் சில நேரம் மறந்துவிடும். கருவி ஒலி எழுப்பும். தாதி போய் உள்ளங்காலை மெல்லச் சுண்டுவார், முதுகைத் தடவுவார். குழந்தைக்கு மூச்சு நினைவுக்கு வரும். ஓர் இரவில் இது எத்தனை முறை நடக்கும் என்று சொல்ல முடியாது. நனைந்த டயாப்பரை எடைபோட்டுச் சிறுநீரை அளப்பது, மூக்குவழிக் குழாயில் சில மில்லிலிட்டர் பாலைச் சொட்டுச் சொட்டாக இறக்குவது, வயிறு உப்புகிறதா என்று பார்ப்பது, கம்பி மாதிரியான இரத்தக்குழாயில் ஏற்றிய ஊசி நழுவாமல் காப்பது, இத்தனைக்கும் நடுவில் குழந்தையை முடிந்தவரை தொடாமல் தூங்கவிடுவது. தொடுவதற்கு ஒரு நேரம், தொடாமல் இருப்பதற்கு ஒரு நேரம் என்று தெரிந்திருப்பதுதான் இந்த வேலையின் அனுபவம். எந்தப் புத்தகமும் ஒரே நாளில் அதைக் கற்றுத் தராது.

ஆக்சிஜன் விஷயத்தைப் பாருங்கள். அதிகம் கொடுத்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் மேலைநாட்டு மருத்துவமனைகள் அப்படித்தான் கொடுத்தன. விளைவாக ஏறத்தாழ 10,000 குழந்தைகள் கண்பார்வை இழந்தன. முதிராத விழித்திரைக்கு மிகையான ஆக்சிஜன் விஷம் என்பது 1950-களின் நடுவில்தான் ஆய்வில் உறுதியானது. இன்று அளவுக்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. மேலே கீழே போகும் அந்த எண்ணைப் பார்த்து, கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டிருப்பவர் தாதி.

மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைக்கும் வழக்கமே ஒரு தாதியிடம் இருந்து வந்ததுதான். 1956-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரோச்ஃபர்ட் மருத்துவமனையில் குறைமாதப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் வார்ட், வெயில் நல்ல நாள்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒருநாள் ஒரு குழந்தையின் துணியை விலக்கி மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் குறைந்திருந்தது. போர்வை மூலை மூடியிருந்த முக்கோணம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. அந்தக் கண்தான் 1958-இல் வெளிவந்த ஒளிச் சிகிச்சை ஆய்வுக்கு வித்து. நம் தோட்டத்து ஆயாக்களும் குழந்தையைக் காலை வெயிலில் காட்டியவர்கள்தாம். ஆனால் வெயில் மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. அளவு ஏறிய காமாலை மூளையைப் பாதிக்கும். பிறந்த குழந்தையைப் பார்க்க வீட்டுக்கே வரும் கிளினிக் டேசா தாதி இரத்தம் எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவு வேலையை ஒருவர் எத்தனை குழந்தைகளுக்குச் செய்ய முடியும்? தீவிரச் சிகிச்சையில் உள்ள ஒரு குழந்தைக்கு ஒரு தாதி, அதற்கு அடுத்த நிலையில் இருவருக்கு ஒருவர், தேறிவரும் நிலையில் நால்வருக்கு ஒருவர் என்பது பிரிட்டிஷ் பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் வகுத்த அளவு. இங்கே அனுபவமுள்ள தாதியர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். இருப்பவர்களின் வார வேலைநேரத்தை 42 மணியில் இருந்து 45 மணியாக்கும் திட்டம், 2024 டிசம்பரில் வந்த புதிய அரசு ஊழியர் சம்பள முறையை ஒட்டிப் பெரிய சர்ச்சையாகித் தள்ளிப்போடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று மணி நேரம்தானே என்று கேட்டவர்களும் உண்டு. இரவு வேலையின் கடைசி ஒரு மணி நேரத்தில் 0.1 மில்லிலிட்டர் மருந்தைக் கணக்குப் பார்த்து ஏற்றுகிறவர்களிடம் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

தாதி செய்ய முடியாத வேலையும் அந்தப் பிரிவில் இருக்கிறது. அதைத் தாய்தான் செய்ய வேண்டும்.

முதலாவது பால். குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் உண்டு. அதற்கு எதிரான முக்கியமான காப்பு தாய்ப்பால். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குத் தாய் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். இரவிலும்தான். முதல் நாள்களில் சுரக்கும் சீம்பாலை, சில சொட்டானாலும், குழந்தையின் கன்னத்து உட்புறத்தில் தடவுகிறார்கள்.

இரண்டாவது மார்பின் சூடு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ஆம் ஆண்டு, இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டி வைக்கத் தொடங்கினார். வசதியில்லாதவர்களின் மாற்றுவழி என்றுதான் உலகம் அதை முதலில் பார்த்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 3,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தபோது பார்வை மாறியது. பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைக்கப்பட்ட எடை குறைந்த குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவை நூற்றுக்கு 12. உடல்நிலை சீரான பிறகு வைக்கப்பட்டவற்றில் 15.7. நான்கில் ஒரு பங்கு மரணம் குறைந்தது. அடுத்த ஆண்டே உலகச் சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது: பிறந்தவுடன் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு 8 மணி முதல் 24 மணி நேரம்வரை வையுங்கள் என்றது.

எட்டு மணி நேரம்! பார்வையாளர் நேரத்தில் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று கண்கலங்கிப் போகும் தாயால் இது ஆகாது. தாய் இப்போது பார்வையாளர் அல்ல. சிகிச்சையின் ஒரு பகுதி.

இந்த இடத்தில்தான் தோட்டத்துத் தாய் தடுக்கி விழுகிறார். ஜெம்போல் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து சிரம்பானுக்கு வர வேண்டும் என்றால் பிரதான சாலைக்கு வரவே ஒரு வாகனம் வேண்டும். பிறகு கோலப்பிலா, புக்கிட் புத்துஸ் மலை, சிரம்பான். வயிற்றுத் தையல் ஆறாத பெண் தினமும் இதைச் செய்ய முடியாது. சில அரசாங்க மருத்துவமனைகளில் தாய்மார் தங்க இடம் உண்டு. ஆனால் கட்டில்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தால் தங்குவதும் கடினம். கணவர் வேலை முடிந்து, பனிக்கட்டிப் பையில் பால் புட்டியை வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பல வீடுகளில் கண்ட வழி. அவருக்குச் சட்டம் கொடுக்கும் விடுப்பு 7 நாள்.

நம் வழக்கங்களும் ஒரு சுவர். பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது, காற்றுப்படக்கூடாது, பத்தியம் கெடக்கூடாது. நிறைமாதத்தில் பெற்றவளுக்கு அது ஓய்வு. குழந்தையை 60 கிலோமீட்டர் தள்ளிக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுவிட்டு வந்தவளுக்கு அதே வழக்கம் பால் வற்றிப்போகும் வழி. மாமியார் சொன்னார் என்பதற்காக முதல் இரண்டு வாரம் குழந்தையைப் பார்க்காமல் இருந்த தாய்க்குப் பிறகு பால் சுரப்பதே பெரும்பாடு. பத்தியச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்கே மருமகளை அழைத்துப்போகும் மாமியார்களும் இருக்கிறார்கள். வழக்கத்தை எப்படி வளைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வழக்கத்தை வீடு வளைக்கலாம். சட்டத்தை வீடு வளைக்க முடியாது.

2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின்கீழ் மகப்பேறு விடுப்பு 60 நாளில் இருந்து 98 நாளானது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 14 வார அளவை நாடு எட்டியதை எல்லாரும் வரவேற்றோம். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. விடுப்பு பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னர் தொடங்கக்கூடாது. பிரசவித்த மறுநாளுக்குப் பின்னர் தொடங்கவும் கூடாது. அதாவது, குழந்தை மருத்துவமனையில் இருக்கும்வரை வேலைக்குப் போய்விட்டு, வீட்டுக்கு வந்தபின் விடுப்பு எடுக்கிறேன் என்று தாய் சொல்ல முடியாது. கடிகாரம் பிறந்தவுடன் ஓடத் தொடங்கிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 28 வாரத்தில் ஜூலை 1-ஆம் தேதி ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் நல்லபடியாக நடந்து, ஒன்பது வாரம் கழித்து, செப்டம்பர் 2-ஆம் தேதி வீட்டுக்கு வருகிறது. தாயின் விடுப்பில் 63 நாள் அதற்குள் போய்விட்டது. மீதி 35. அக்டோபர் 6-ஆம் தேதியோடு 98 நாள் முடிகிறது. மறுநாள் காலை அவர் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அந்தக் குழந்தை உண்மையில் பிறந்திருக்க வேண்டிய நாள் செப்டம்பர் 23. மருத்துவர்கள் குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைத் திருத்திய வயதில்தான் அளப்பார்கள். அந்தக் கணக்கில் தாய் வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு வயது 14 நாள்.

அந்த 14 நாள் குழந்தையை எங்கே விடுவது? தோட்டத்து ஆயாக்கொட்டகை இன்று எத்தனை இடத்தில் இருக்கிறது என்பது வேறு கதை. இருந்தாலும், பல பிள்ளைகள் சளியும் இருமலுமாக இருக்கும் இடத்தில் முதிராத நுரையீரலோடு வந்த குழந்தையை விடுவது ஆபத்து.

பிரசவத்தால் தாய்க்கே உடல்நலம் கெட்டு மருத்துவச் சான்றிதழ் பெற்றால், விடுப்பு முடிந்தபின் 90 நாள்வரை அவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று அதே சட்டம் பாதுகாப்புத் தருகிறது. குழந்தை நோயுற்றிருந்தால் அப்படி ஒன்றுமில்லை. தாயின் உடம்பு சட்டத்துக்குத் தெரிகிறது. கண்ணாடிப் பெட்டி தெரியவில்லை. மகப்பேற்றுப் படி பெற, பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு குத்தகைக்காரர் என்று மாறிக்கொண்டிருக்கும் பெண்கள் நிலை என்ன? தோட்டத்தை விட்டு நீலாய், சிரம்பான் தொழிற்சாலைகளுக்கு ஏஜென்ட் வழியாகப் போனவர்களுக்கும் இதே சிக்கல்தான். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆன பிறகும், அந்தச் சம்பளம் ஒரு மாதம் நின்றால் தாங்கும் வீடுகள் அதிகமில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளித்தன? பிரேசிலின் உச்ச நீதிமன்றம் எளிமையாகத் தீர்த்தது. தாயோ குழந்தையோ, யார் கடைசியாக மருத்துவமனையை விட்டு வெளியே வருகிறாரோ அந்த நாளில் இருந்து விடுப்பை எண்ணுங்கள் என்றது. 2022-இல் அது இறுதியானது. பிரிட்டனில் 2025 ஏப்ரல் 6 முதல் தனிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பிறந்த 28 நாளுக்குள் சேர்க்கப்பட்டு, தொடர்ந்து 7 நாளோ அதற்கு மேலோ பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருக்கும் குழந்தையின் பெற்றோர், வழக்கமான விடுப்போடு மேலும் 12 வாரம்வரை எடுக்கலாம். தந்தைக்கும் உண்டு. இந்தியாவில் 2017 முதல் முதலிரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். அங்கே தோட்டங்களும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை.

இங்கே சட்டத்தைத் திருத்தக் காலம் பிடிக்கும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சட்டம் சொல்வது குறைந்தபட்சம்; அதற்கு மேல் கொடுக்கக் கூட்டு ஒப்பந்தம் போதும். 1954-இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் முதலாளிமார் சங்கத்தோடு சம்பளத்துக்கும் போனசுக்கும் பல பத்தாண்டுகளாக மேசையில் உட்கார்ந்து வருகிறது. மருத்துவமனையில் கழிந்த நாள்களை விடுப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்ற ஒரு வரியைக் கோரிக்கைப் பட்டியலில் ஏற்றுவது பெரிய செலவில்லை. ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கு எத்தனை குறைமாதப் பிரசவம் நடந்துவிடப் போகிறது? கோயில் கமிட்டிகளும் இளைஞர் மன்றங்களும் திருவிழாக் காலத்தில் பேருந்து ஏற்பாடு செய்வதில் கெட்டிக்காரர்கள். வாரம் மூன்று நாள் ஒரு தாயைச் சிரம்பானுக்குக் கொண்டுபோய் விட ஒரு கார் ஏற்பாடு செய்வது அதைவிடக் கடினமாக இருக்க முடியாது.

கர்ப்பிணிகள் பக்கத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது. கிளினிக்கில் பதிவு செய்யும்போது கொடுக்கும் தாய்சேய்ப் புத்தகத்தில் ஒட்டும் நிறத்துக்குப் பொருள் உண்டு: சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை, மஞ்சள் என்றால் நிபுணர் பார்க்க வேண்டும். நாளைக்குப் போகலாம் என்பதற்கு அதில் இடமில்லை. மாதம் நிறையாமல் வலி வந்தாலோ, நீர்க்குடம் உடைந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்தத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியின் பயனை நியூசிலாந்து மருத்துவர்கள் லிகின்ஸும் ஹோவியும் 1972-லேயே நிரூபித்துவிட்டார்கள். அது முழுமையாக வேலை செய்யப் பிரசவத்துக்கு முன் ஒரு நாள் அவகாசமாவது வேண்டும். குறைமாதக் குழந்தையை ஊரில் பெற்று ஆம்புலன்ஸில் அனுப்புவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் பாதுகாப்பு.

வீட்டுக்கு வந்த பிறகும் கதை முடிவதில்லை. 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை தவறக்கூடாது. சில நாள் தாமதம்கூடப் பார்வையைக் கெடுத்துவிடலாம். காது கேட்கும் திறன், தலைச் சுற்றளவு, கழுத்து நிற்பது, உட்காருவது எல்லாம் திருத்திய வயதில் பார்க்கப்பட வேண்டும். தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிக் கணக்கில்தான். குழந்தை சிறியது என்று தள்ளிப்போடக் கூடாது. இந்தப் பரிசோதனைத் தேதிகள் எல்லாம் வேலை நாள்களில்தான் வருகின்றன. வீடு திரும்பும் நாளில் தாதி கொடுக்கும் தேதி அட்டையை ஒரு படி எடுத்து, அன்றே தோட்ட அலுவலகக் கிராணியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.